இலையை வெட்டி எடுத்த வெளிச்சம்

அந்தப் படத்தின் முன்னால்தான் கூட்டம் அதிகமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. இந்திரா நகர்ப் பக்கம் ஒரு கண்காட்சிக் கூடம். ஏசி குளிரும் புது பெயின்ட் வாசனையும் கலந்து அடித்தன. நானும் பக்கத்து வீட்டு ஜயம்மாவும் வரிசையாகப் படங்களைப் பார்த்துக்கொண்டே வந்து, அந்தக் கூட்டத்தின் பின்னால் நின்று எட்டிப் பார்த்தோம்.

முதலில் கண்ணில் பட்டது சிவப்பு. மூன்று குஞ்சுகளின் பிளந்த வாய்ச் சிவப்பு. அவற்றுக்கு மேலே, கறுப்புக் கொண்டையும் கன்னத்தில் குங்குமத் தீற்றலுமாகத் தாய்ப்பறவை. இரண்டு இறக்கைகளையும் பாதி விரித்து, குஞ்சுகளின் மேல் குடை பிடித்தது போல நிற்கிறது. காலை வெயிலில் ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது.

"என்ன ஷார்ப்பா இருக்கு பாருங்க" என்றார் ஒருவர். "அப்படியே கட்டிப் பிடிச்சுக்குது பாரேன்" என்று ஒரு பெண் தன் மகளிடம் சொன்னாள்.

படத்தின் கீழே ஒரு சின்ன அட்டை. தலைப்பு 'தாய்மை'. முதல் பரிசு. எடுத்தவர் பெயர் மோகன். அதற்கும் கீழே, இம்மாதிரிக் கண்காட்சிகளின் வழக்கப்படி, காமிராவில் வைத்த செட்டிங்: ஷட்டர் 1/500, அபெர்ச்சர் 8, ஐஎஸ்ஓ 200.

அந்த இருநூறைப் படித்ததும் எனக்குக் காது சுட்டது.

அது எங்கள் வீட்டுப் பின்பக்கத்து மல்லிக்கொடி. அந்தக் கூட்டை நான் தினமும் பார்த்தவள். அந்த இடத்தில் அந்தச் செட்டிங்கில் படம் எடுக்க முடியாது. எடுக்க வேண்டுமென்றால் ஒரு காரியம் செய்தாக வேண்டும். மோகன் சார் அதைச் செய்தார்.

"ஏன்ரீ டீச்சர், இது நம்ம பிகளாரதானே?" என்று ஜயம்மா என் முழங்கையைப் பிடித்தாள். கொண்டைக்குருவிக்குக் கன்னடத்தில் அதுதான் பெயர்.

வாராவாரம் எழுதும் இந்தப் பத்திரிகைத் தொடரில் நான் கோபப்படாத வாரமே இல்லை என்று என் கணவர் தனபால் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த வாரமும் அவரை ஏமாற்ற எனக்கு உத்தேசமில்லை.

திருடுபோன வெயில்

தொம்மலூரில் எங்கள் வீடு பழைய ஊருக்குள், கார் நுழையாத சந்தில் இருக்கிறது. பின்பக்கம் ஒரு துவைக்கிற கல், தண்ணீர் சம்ப், ஒரு பப்பாளி, சுவரோரமாக ஒரு மல்லிக்கொடி. அவ்வளவுதான் தோட்டம்.

நாங்கள் வந்த புதிதில் அங்கே நாள் முழுக்க வெயில் இருந்தது. வடாம் காயும். பிறகு இடப்பக்கம் ஐந்து மாடியில் ஒரு பி.ஜி. விடுதி எழும்பியது. அடுத்து வலப்பக்கம் ஒன்று. இரண்டு கட்டிடங்களுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்குத்தான் வானம் மிச்சம். யார் அனுமதி கொடுத்தார்கள் என்று விசாரிக்கப் போய், நான் பட்ட அவமானங்களைப் பற்றித் தனியாகவே ஒரு அத்தியாயம் எழுதலாம்.

இப்போது காலை பத்து மணி வாக்கில் சூரியன் அந்த இடுக்கில் எட்டிப் பார்க்கும். கொஞ்ச நேரம் சுவரில் ஒரு மஞ்சள் பட்டை விழும். பிறகு போய்விடும். பறவைகள் மட்டும் போகவில்லை. தேன்சிட்டு பப்பாளிப் பூவுக்கு வரும். கருஞ்சிட்டு துவைக்கிற கல்லின் மேல் நின்று வாலை ஆட்டும். கொண்டைக்குருவி ஜோடி கொடிக்கம்பியில் உட்கார்ந்து, எங்கள் வீட்டு விவகாரங்களைப் பற்றி ஏதோ விமர்சனம் செய்துகொண்டிருக்கும்.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், இவற்றைப் படம் எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. ஒரு பழைய காமிராவும் நீள லென்ஸும் வாங்கினேன்.

பீன்யா தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து வந்த தனபால், சாப்பாட்டு மேசையில் இருந்த லென்ஸைப் பார்த்து நின்றுவிட்டார். "இன்னாம்மா இது, பீரங்கியா? போன்லயே எடுக்கலாமே."

"போன்ல எடுத்தா குருவி கடுகு மாதிரிதாங்க தெரியும்."

"கிட்ட போய் எடேன்."

"கிட்ட போனா பறந்துடுமே."

அவர் லென்ஸைத் தூக்கிப் பார்த்து, அடேயப்பா என்று மெதுவாகக் கீழே வைத்தார்.

பின்னக் கணக்கு

முதல் மாதம் எடுத்த படங்களில் பறவையே இல்லை. பறவை இருந்த இடத்தில் ஒரு கறை இருந்தது. ஆட்டோ செட்டிங்கில் வைத்தால் காமிரா குருவியை விட்டுவிட்டு முன்னால் இருக்கிற பப்பாளி இலையைத் துல்லியமாக எடுக்கும். தேன்சிட்டின் இறக்கை புகை மாதிரி வரும். மேலே வெள்ளை வானம் இருந்தால் எந்தப் பறவையும் கரித்துண்டாகிவிடும்.

நான் கணக்கு டீச்சர். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்தவள். நூறில் ஒன்றைவிட ஆயிரத்தில் ஒன்று சிறியது என்று தொண்டை வறளக் கத்தியவள். எனக்கு இது வராதா என்று ஒரு வீம்பு பிடித்துக்கொண்டது.

ஷட்டர் என்பது ஒரு கதவு. அது எவ்வளவு குறைந்த நேரம் திறக்கிறதோ, அவ்வளவுக்கு அசைவு உறைந்து நிற்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் குருவிக்கு ஐந்நூறில் ஒரு விநாடி போதும். இறக்கையடிக்கிற தேன்சிட்டுக்கு இரண்டாயிரத்தில் ஒன்று வேண்டும். ஆனால் கதவு சீக்கிரம் மூடினால் வெளிச்சமும் குறைவாகத்தானே உள்ளே வரும்?

அதைச் சரிக்கட்ட இரண்டு வழி. அபெர்ச்சர் என்கிற துவாரத்தைப் பெரிதாக்கலாம். என் லென்ஸில் அதற்கு ஓர் எல்லை உண்டு. இன்னொன்று ஐஎஸ்ஓ. வந்த கொஞ்சம் வெளிச்சத்தையே காமிரா பெருக்கிக்கொள்வது. பெருக்கப் பெருக்கப் படத்தில் புள்ளி புள்ளியாகப் பிசிறு விழும். அதுதான் அதற்கான விலை.

எங்கள் பின்பக்கத்து இருட்டுக்கு நான் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தது இது: ஷட்டர் 1/500, துவாரம் முழுசாகத் திறந்து, ஐஎஸ்ஓ 3200. குறி வைக்கும் புள்ளி ஒன்றே ஒன்று, அதைக் கண்ணின் மேல் வைக்க வேண்டும். முதன்முதலாகக் கொண்டைக்குருவியின் கண்ணில் எங்கள் சமையலறை ஜன்னல் குட்டியாகப் பிரதிபலித்ததைப் பார்த்த அன்று, அடுப்பில் பருப்பு தீய்ந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

எங்கள் முகம் எங்கே?

படம் எடுப்பது என்றாலே எனக்கு ஒரு பழைய ஆத்திரம் கிளம்பும். கோலார் தங்கவயலில் நான் சிறுமியாக இருந்தபோது, அப்பா எங்களை ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனார். அவர் சுரங்கத்தில் வேலை செய்தவர். பண்டிகைக்குத் தைத்த சட்டை, எண்ணெய் வழியப் பின்னிய சடை. "அசையாதே, மூச்சு விடாதே" என்று ஸ்டூடியோக்காரர் அதட்டினார். நாங்கள் மூன்று பெண்களும் மூச்சை அடக்கி நின்றோம்.

படம் வந்தது. அதில் இருந்தவை எங்கள் முகங்கள் இல்லை. நெகட்டிவில் பென்சிலால் தீற்றி, மூவரையும் மாவு பூசியது போல வெளுக்க வைத்திருந்தார்.

அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "யார் வூட்டுப் பொண்ணுங்க இதுங்க?" என்று கேட்டாள்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நேராக ஸ்டூடியோவுக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். "அழகா இருக்கட்டும்னுதாம்பா செஞ்சேன்" என்றார் ஸ்டூடியோக்காரர். "என் பொண்ணுங்க எப்படி இருக்குதோ அப்படிக் குடு. இல்லைன்னா எனக்குப் படமே வாணாம்" என்றார் அப்பா. அவர் குரலை உயர்த்தவே இல்லை. எங்கள் நிறத்தில் எங்கள் முகத்தோடு வேறு பிரதி போட்டுக் கொடுத்த பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தார்.

நல்ல படத்துக்காக என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எனக்கு உடனே அந்த ஸ்டூடியோ ஞாபகம் வந்துவிடுகிறது.

மோகன் சார் வருகிறார்

பறவைப் படம் எடுப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் என்னைச் சேர்த்திருந்தார்கள். அங்கே மோகன் சார்தான் மூத்தவர். பெரிய கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். காட்டுக்கெல்லாம் போய் வந்தவர். அவர் ஒரு படத்துக்குக் கட்டை விரலைத் தூக்கிவிட்டால் போதும், வரிசையாக முப்பது பேர் தூக்குவார்கள்.

என் படங்களுக்கு அவர் எழுதுவது ஒரே வரிதான். 'பிசிறு அதிகம். ஐஎஸ்ஓவைக் குறையுங்கள்.'

அந்தப் பருவத்தில் கொண்டைக்குருவி ஜோடி மல்லிக்கொடிக்குள் கூடு கட்டியது. தேங்காய் நாரும், ஜயம்மா வீட்டுத் துடைப்பத்திலிருந்து திருடிய குச்சியும், எதிர்வீட்டுப் பிளாஸ்டிக் நூலும் சேர்த்து ஒரு கிண்ணம். இலைகள் மேலே கூரை மாதிரி மூடியிருந்ததால் வெளியே நின்று பார்த்தால் எதுவுமே தெரியாது. நான் பக்கத்தில் போகவில்லை. சமையலறை ஜன்னல் கம்பிகளுக்குள் லென்ஸை நீட்டி, இலைகளுக்கு நடுவே கிடைத்த ஒரு சின்ன சந்தில் எடுத்தேன். குஞ்சு பொரித்ததும் தாய் புழுவோடு வரும் படம் ஒன்றைக் குழுவில் போட்டேன்.

அன்று மாலையே மோகன் சார் போன் செய்தார். "டீச்சரம்மா, இவ்ளோ நல்ல சப்ஜெக்ட்டை வீணாக்கறீங்களே. நான் வரேன். செட்டிங் எப்படி வைக்கணும்னு நேர்லயே காட்டறேன்."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இவ்வளவு பெரியவர் நம் வீடு தேடி வருகிறாரே என்று காலையிலேயே பின்பக்கத்தைப் பெருக்கி வைத்தேன்.

வந்தார். முக்காலியை விரித்தார். பச்சை நிறத் தொப்பி, பச்சை நிறப் பை. "ஆள் நடமாட்டம் இருந்தா தாய் வராதும்மா. நீங்க உள்ள இருங்க, கதவு ஜன்னல் எல்லாம் சாத்திடுங்க. நான் பாத்துக்கறேன்" என்றார். நியாயமாகப் பட்டது. சாத்தினேன்.

நான் டிபன் வேலையை முடித்து, டிகாக்‌ஷன் இறக்கி, காபியோடு பின்கதவைத் திறந்தபோது எனக்கு இடமே புதிதாகத் தெரிந்தது. மல்லிக்கொடியின் ஒரு பக்கம் மொட்டையாக இருந்தது. வெட்டிய இலைகள் துவைக்கிற கல்லின் அடியில் குவிந்து கிடந்தன. ஒரு கிளையைக் கம்பியால் இழுத்துக் குழாயில் கட்டியிருந்தார். அந்த இடைவெளி வழியாகச் சூரியன் நேராகக் கூட்டுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. அதில் குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. தாய் இறக்கையை விரித்து நின்றது.

"சார், என்ன சார் இது?"

"கொஞ்சம் ஓப்பன் பண்ணேன். அவ்ளோதான். இப்ப பாருங்க, ஐஎஸ்ஓ 200. ஒரு பிசிறு இருக்கா?" என்று காமிராவின் பின்பக்கத் திரையை என்னிடம் காட்டினார்.

"குஞ்சு வெயில்ல கிடக்குது சார். காக்கா பாத்தா என்ன ஆகும்?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா. எத்தனை கூடு எடுத்திருக்கேன் நான்! லைட் இல்லாம படம் எப்படி வரும்?"

"வரலைன்னா போகட்டுமே சார். மொதல்ல இங்கேர்ந்து கெளம்புங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வகுப்பில் அதிகப்பிரசங்கித்தனமாகப் பேசிய பிள்ளையைப் பார்க்கிற பார்வை. கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டு, நிதானமாக முக்காலியை மடக்கினார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. காபி டம்ளர் என் கையிலேயே ஆறிப் போனது.

காலிக் கிண்ணம்

கம்பியை அவிழ்த்தேன். வெட்டிய கிளைகளையே நூல் போட்டுத் திரும்பக் கட்டிப் பார்த்தேன். அவை மதியத்துக்குள் சுருண்டுவிட்டன. ஜயம்மா சுவரேறி வந்து ஒரு பழைய குடையை விரித்துக் கட்டினாள். குடையைப் பார்த்து மிரண்டு தாய் வரவே இல்லை. அதையும் எடுத்துவிட்டோம். எதைச் செய்தாலும் தப்பாகப் போனது.

அதற்குள் தண்ணீர்த் தொட்டியின் மேல் காகம் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜயம்மா துடைப்பத்தை வீசி விரட்டினாள். போனது. மறுபடி வந்தது. சாயங்காலம் இருட்டும்வரை இருவரும் மாறி மாறிக் காவல் இருந்தோம்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் கொண்டைக்குருவிகள் கத்தின. அப்படி ஒரு சத்தத்தை அவற்றிடமிருந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. கதவைத் திறந்து ஓடினேன். காகங்கள் இரண்டாக வந்திருந்தன. கிண்ணம் காலி.

அதைக்கூட ஒரு மாதிரி தாங்கிக்கொண்டேன். அன்று பகல் முழுக்க அந்த ஆண் பறவை அலகில் புழுவோடு வந்து வந்து கூட்டின் விளிம்பில் நின்றதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. உள்ளே பார்க்கும். இந்தப் பக்கம் வந்து பார்க்கும். புழுவோடேயே திரும்பிப் போகும். காகத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அது தன் வயிற்றைப் பார்த்தது. கோபமெல்லாம் தொப்பி போட்டுக்கொண்டு வந்து என் வீட்டுக் கதவைச் சாத்தச் சொன்ன மனிதரின் மேல்தான்.

மொட்டைக் கொடியையும் காலிக் கூட்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, நடந்ததைக் குழுவில் எழுதினேன். மோகன் சார் ஒரு கும்பிடு போட்டு, 'இயற்கையில் இதெல்லாம் சகஜம்' என்று பதில் எழுதினார். பத்துப் பேர் அதற்கும் கட்டை விரல் தூக்கினார்கள். மாலையில் என் பதிவைக் காணவில்லை. குழுவை நடத்துகிற செயலாளர் அதை நீக்கிவிட்டு, 'நல்ல விஷயங்களை மட்டும் பகிர்வோம்' என்று எழுதியிருந்தார்.

சில மாதங்கள் கழித்து, அதே குழு நடத்தும் கண்காட்சிக்கு அழைப்பு வந்தது. நாலு நல்ல படம் பார்த்தாலாவது மனசு ஆறும் என்றுதான் ஜயம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அட்டையில் இடம் இருந்தது

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். மோகன் சார் படத்துக்குப் பக்கத்திலேயே நின்று வாழ்த்துகளை வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் சிரிப்பு கொஞ்சம் கோணியது.

"வாங்க டீச்சரம்மா. பாத்தீங்களா, உங்க வீட்டுக் குருவிக்கு முதல் பரிசு!"

"அந்தக் குஞ்சுங்க என்ன ஆச்சுன்னு இவங்ககிட்ட சொன்னீங்களா சார்?"

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா..."

மகளோடு நின்ற அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். நான் அவளிடமே சொன்னேன்.

"அந்தக் குருவி கட்டிப் பிடிச்சுக்கலம்மா. வெயில் தாங்காம குஞ்சுக்கு நெழல் குடுக்குது. மேல இருந்த எலை எல்லாத்தையும் இவர் வெட்டிட்டார். குஞ்சு வாயத் தொறந்திருக்கறது பசியில இல்ல, மூச்சு வாங்குது. மறுநாள் மூணையும் காக்கா தூக்கிட்டுப் போச்சு. எங்க வீட்டுப் பின்னாடிதான் நடந்தது."

போனை எடுத்து என் படங்களைக் காட்டினேன். இலை மூடிய கூடு. மொட்டைக் கொடி. காலிக் கிண்ணம். போன் கைமாறிக்கொண்டே போனது. அந்தப் பெண் மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

செயலாளர் ஓடி வந்தார். "மேடம், கூட்டைப் படம் எடுக்கக் கூடாதுன்னு எங்க விதியில இல்ல. இது தனிப்பட்ட பிரச்சனை. வெளிய பேசிக்கலாம்."

"தனிப்பட்ட பிரச்சனை இல்ல சார். கீழ அட்டையில ஷட்டர் எழுதியிருக்கீங்க. துவாரம் எழுதியிருக்கீங்க. ஐஎஸ்ஓ எழுதியிருக்கீங்க. கத்தரிக்கோலை ஏன் எழுதல? அதுவும் இவர் வெச்ச செட்டிங்தானே? அது இல்லாம இந்த இருநூறு எப்படி வரும்?"

யாரோ சிரித்தார்கள். யாரோ 'ச்சே' என்றார்கள். மோகன் சார், "அவங்க எமோஷனலா இருக்காங்க" என்று பொதுவாகச் சொன்னார்.

வருகைப் பதிவு மேசையில் பேனா கிடந்தது. எடுத்து வந்து, அட்டையில் ஐஎஸ்ஓவுக்குக் கீழே இருந்த வெள்ளை இடத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன்: இலைகள் வெட்டப்பட்டன. மூன்று குஞ்சுகளும் மறுநாள் இறந்தன. கரும்பலகையில் எழுதுவது போல நிறுத்தி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதினேன். என்னை யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் நின்றிருக்க மாட்டேன்.

"கொடிரீ இங்க" என்று ஜயம்மா பேனாவை வாங்கினாள். "இங்கிலீஷ் தெரியாதவங்களும் வராங்க இல்ல?" என்று அதையே அதன் கீழே கன்னடத்தில் எழுதினாள்.

நாங்கள் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். செயலாளர் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே நின்று யோசித்துக்கொண்டிருந்தார். அட்டையை மட்டும் எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கூட்டம் கேட்கும். கடைசியில் இரண்டையும் சேர்த்தே கழற்றி உள்ளே கொண்டுபோனதாக அந்த மகளோடு வந்த பெண், எங்களைத் தேடி வாசலுக்கு வந்து சொன்னாள்.

பரிசைத் திரும்ப வாங்கவில்லை. குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். கூட்டைப் பற்றி ஒரு விதி கொண்டு வரலாமா என்று அங்கே விவாதம் நடப்பதாகக் கேள்வி. நடக்கட்டும்.

இரண்டு நாள் கழித்து மோகன் சார் போன் செய்தார். குரலில் பழைய நிதானம் இல்லை.

"அத்தனை பேர் முன்னாடி என்னை அவமானப்படுத்திட்டீங்க. இத்தனை வருஷப் பேரு எனக்கு. ஒரே ஒரு படத்துக்காக இவ்ளோ பண்ணுவீங்களா?"

"அதைத்தான் சார் நானும் உங்களைக் கேக்கறேன்" என்றேன்.